மிதிபாகலா, நீளப் பாகலா?

எங்கள் தெரு வண்டிக்காரரிடம் கால் கிலோ மிதிபாகல் (குட்டிப் பாகற்காய்) வாங்கும் காசுக்கு நீளப் பாகல் அரைக் கிலோ வந்துவிடும். அந்தக் கூடுதல் காசுக்கு அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பொதுவாகப் பச்சைப் பாகல் 100 கிராமில் 94 கிராம் தண்ணீர்தான். 17 கலோரி, 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக நார்ச்சத்து, 84 மில்லிகிராம் வைட்டமின் சி. வேகவைத்து வடித்தால் அந்த 84 சுமார் 33 ஆகிவிடும். ரகத்தைவிட அடுப்புதான் அதிகம் தின்கிறது!

நீளத்தில் கோ 1 என்ற ரகம் கோவைப் பக்கத்துத் துடியலூர் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. ஒரு சாண் நீளம், காய் 100 முதல் 120 கிராம். இதில் சதை தடிமன், நடுவிலிருக்கும் பஞ்சையும் விதையையும் வழித்துப் போட்டுவிடுவோம். கட்டைவிரல் அளவு மிதிபாகலை யார் வழிப்பார்கள்? இரண்டாகக் கீறி விதையோடு வாணலியில் போடுவதுதான். ஒரு கிலோவுக்குத் தோலும் முள்ளும் அதில் அதிகம், வீணாவது காம்பு மட்டும். என் ஓட்டு அதற்கே.

ஆனால் உப்புப் பிசறி ஒட்டப் பிழிந்தால் இரண்டும் ஒன்றுதான். கிண்ணத்தில் தேங்கும் அந்தப் பச்சைத் தண்ணீரில் கசப்போடு வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் போகின்றன. கசப்பு என்பது மொமார்டிசின் போன்ற குக்கர்பிட்டேன் வகைச் சேர்மங்கள். சர்க்கரைக்காரர்கள் தேடும் சாரன்டின் என்ற பாகல் சேர்மமோ தண்ணீரில் லேசில் கரையாது. ஜூஸை வடிகட்டிவிட்டுச் சக்கையை எறிபவர்கள் யோசிக்கலாம். (மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு எந்தப் பாகலுக்கும் ஆதாரம் இல்லை.)

கேரளத்தில் விரும்பி வாங்கும் வெள்ளைப் பாகலில் பச்சையம் குறைவு, பெரும்பாலும் கசப்பும் மட்டு. வற்றல் போட நல்லது. பழுபாகல் இந்தப் போட்டியிலேயே இல்லை. கிழங்கிலிருந்து முளைக்கும் வேறு இனம், ஆண்கொடி தனி, பெண்கொடி தனி. கசக்காது. பொரியலுக்கு அருமை, கசப்பு மருந்துக்கு முகவரி தப்பு.

அப்புறம், கூடையில் மறந்துபோய் மஞ்சளாகி வெடித்த காய். விதையைச் சுற்றி இருக்கும் சிவப்புச் சதை இனிக்கும். தக்காளியில் உள்ள அதே லைக்கோபீன்தான் அந்த நிறம். சதையைச் சப்பிவிட்டு விதையைத் துப்பிவிடுங்கள். அதில் வைசின் என்ற சேர்மம் இருக்கிறது, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது.