சிப்பிப்பாறையோடு பல வருடங்கள்: வீட்டில் வளர்த்த அனுபவம்

சிப்பிப்பாறை நாய் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், உங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம் என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். எங்கள் செவலை இரண்டு எட்டு ஓடி வந்தாலே ஐந்தடிச் சுவரின் மேல் ஏறி நிற்பாள். சுவருக்கு மேல் கம்பிவலை அடித்த பிறகுதான் அவளைத் தனியாக வெளியே விடுகிறோம். மதுரைக்கு வெளியே, கண்மாயை ஒட்டிய வீடு. குட்டியாக வந்தவளுக்கு இப்போது மூக்கைச் சுற்றி நரை விழுந்துவிட்டது. இத்தனை வருடம் கூடவே இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறைதான் இந்த இனத்துக்குப் பெயர் தந்த ஊர். கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து, விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். மோப்பம் இரண்டாம்பட்சம். ஒடுங்கிய நீள முகம், ஆழமான நெஞ்சு, உள்வாங்கிய வயிறு, நீளமான கால்கள். செவலையின் தோள் உயரம் 60 சென்டிமீட்டருக்கு மேல், எடையோ 20 கிலோகூட இல்லை. அவள் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும்: உடலை நீட்டும்போது ஒருமுறை, சுருக்கும்போது ஒருமுறை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ஆனால் அந்த ஓட்டம் சில நிமிடங்கள்தான். நாள் முழுக்க ஓடவிட வேண்டும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். காலையில் வேலி போட்ட இடத்தில் நாலைந்து சுற்று மனசாரப் பறந்துவிட்டு வந்தால், அப்புறம் பெரும்பாலும் தூக்கம்தான். வீட்டுக்குள் இவ்வளவு அமைதியான நாயை நான் பார்த்ததில்லை. காரணமில்லாமல் குரைக்க மாட்டாள். வந்தவர்கள் மேல் தாவுவதும் இல்லை, சற்றுத் தள்ளி நின்று பார்ப்பாள். அதட்டினால் முகம் வாடி மூலையில் போய்ப் படுத்துவிடுவாள். கோழி ஈரல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

வெளியே கதை வேறு. கண்மாயின் எதிர்க்கரையில் ஒரு கீரி ஓடினால் எனக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாது, இவள் அதற்குள் காதை உயர்த்தி விறைத்து நிற்பாள். துரத்த ஆரம்பித்துவிட்டால் கூப்பிடும் குரல் காதில் ஏறாது. அதைக் கீழ்ப்படியாமை என்று நான் நினைக்கவில்லை. மனிதன் உத்தரவுக்குக் காத்திராமல் தானே முடிவெடுத்து ஓடுகிற நாயைத்தான் நம் ஆட்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். எங்கள் பக்கம் மயில் அதிகம், ரோட்டில் லாரியும் அதிகம். அதனால் வெளியே போனால் எப்போதும் பெல்ட்தான். சாதாரணக் கழுத்துப் பட்டை இவளுக்கு ஆகாது. தலை கழுத்தைவிடச் சிறுத்திருப்பதால் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். இழுத்தால் சற்று இறுகுகிற அகலப் பட்டைதான் சரி. வீட்டில் பூனையோ கோழியோ இருந்தால் இந்த இனத்தை எடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

பராமரிப்பில் எனக்குப் பெரிய வேலை அவளுடைய தோல்தான். சீமைக்கருவேல முள் மற்ற நாயைக் கீறும், இவளைக் கிழித்துவிடும். தோல் அவ்வளவு மெல்லிசு, அதை மறைக்கக் கொழுப்பும் இல்லை, அடர்ந்த ரோமமும் இல்லை. வெறும் சிமென்ட் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போய்ப் புண்ணாகும் என்பதால் பருத்தி மெத்தை போட்டிருக்கிறோம். மார்கழியில் போர்வை வேண்டும். நல்லது என்றால், இந்தக் குட்டை ரோமத்தில் உண்ணி எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது. தினமும் கையால் தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே எடுக்கக்கூடியது என்பதால் இதை ஒருநாளும் விடுவதில்லை.

சாப்பாடு விஷயத்தில் அக்கம்பக்கத்தார்தான் பிரச்சினை. "சோறு போடுறதே இல்லையா?" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் குறைவு. கடைசி விலா எலும்புகள் லேசாகத் தெரிவதுதான் இந்த இனத்துக்கு ஆரோக்கியம். ஊர்ப்பக்கம் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் மோரும் ஊற்றி வளர்த்தார்கள். நாங்கள் கேழ்வரகோடு கோழிக்கறி, முட்டை, தயிர் சேர்க்கிறோம். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம், சாப்பிட்ட கையோடு ஓட விடுவதில்லை.

கருத்தடை அறுவைக்கு முன் மருத்துவரிடம் மயக்க மருந்து பற்றி விவரமாகப் பேசினோம். ஓட்டப்பந்தயத்துக்குப் பேர்போன மேல்நாட்டு இனமான கிரேஹவுண்டின் உடம்பில் தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகளின் வீரியம் மெதுவாகத்தான் குறையும், நாய் எழுந்திருக்க வெகுநேரமாகும். கிரேஹவுண்டுக்கு ரத்தத்தில் சிவப்பணு கூடுதலாகவும் தைராய்டு அளவு குறைவாகவும் இருப்பதே இயல்பு. அதே உடல்வாகு உள்ள நாய் என்பதால் இதையெல்லாம் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

அடுக்குமாடி வீட்டிலும் வளர்க்கலாம் என்பது என் கருத்து, தினமும் ஓட இடம் கிடைத்தால். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுகிற தோட்டத்தைவிட அது எவ்வளவோ மேல். இவ்வளவு தூரம் பார்க்கிற கண்ணும் இவ்வளவு ஓடுகிற காலும் உள்ள உயிரை ஆறடிச் சங்கிலியில் கட்டி வைப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பொறுக்காது.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் பெயர் சொன்னபோது சிப்பிப்பாறையை நாடு முழுக்கக் கவனித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் கிரேஹவுண்ட் கலப்புக் குட்டிகளும் இதே பெயரில் விலைபோகின்றன. தாயை நேரில் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். தாய் மனிதர்களைக் கண்டு மிரளுகிறதா, எங்கே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். முயல் பிடித்த வீடியோவைக் காட்டி விலை பேசுகிறவரிடம் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டை குற்றம், தவிர அந்தக் குட்டி உங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அந்த வீடியோ ஒன்றும் சொல்லாது.