ஜெர்சி நம்பருக்கு சக்ரா பெட்ச்சா, கனிட்டா?

ரங்கூன்ல சின்ன கடை நமக்கு, வினைல்ங்கிற பிளாஸ்டிக் ஷீட்டை நம்பரா வெட்டுற கட்டிங் பிளாட்டர் ஒண்ணு, அதை ஜெர்சியில சூடு வெச்சு ஒட்டுற ஹீட் பிரஸ் ஒண்ணு, அவ்ளோதான். எங்க ஏரியா பசங்க ஃபுட்பால் டீமுக்கு ரெண்டு வருஷமா நான்தான் நம்பர் ஒட்டித் தர்றேன். போன வருஷம் போட்ட ஃபாண்ட் (எழுத்துரு) சக்ரா பெட்ச் போல்ட் இட்டாலிக் (தடிச்சு சாஞ்சது), இந்த வருஷம் கனிட் பிளாக் இட்டாலிக் (அதைவிட தடிச்சு சாஞ்சது). ரெண்டுமே பாங்காக்ல இருக்குற காட்சன் டெமாக்ங்கிற ஃபாண்ட் கம்பெனி பண்ணது, ரெண்டும் ஃப்ரீ, கூகுள் ஃபாண்ட்ஸ்ல இறக்கிக்கலாம், அதனால விலைப் பேச்சே வேணாம்.

கண்ணுக்கு சக்ரா பெட்ச்தான், பொய் சொல்லமாட்டேன். வளைய வேண்டிய இடத்துல மூலையை வெட்டி விட்டாப்ல இருக்கும், சாஞ்சு நின்னா பைக் டேங்க் ஸ்டிக்கர் மாதிரி ஒரு வேகம். போன்ல காட்டின உடனே "அண்ணே இதேதான்"னு குதிச்சானுங்க. கனிட் அந்தளவுக்கு மிரட்டாது, கொஞ்சம் உருண்டை (கனிட்னா தாய் பாஷையில கணக்கு, நம்ம கணிதமேதான்).

ஆனா மேட்டர் லுக் இல்லங்க, துவைக்கிறது. இங்க மே மாசம் பிடிச்ச மழை அக்டோபர் வரைக்கும் விடாது, பசங்க சேத்துல உருண்டுட்டு வருவானுங்க, வீட்ல அம்மாங்க பிரஷ் போட்டு தேய் தேய்னு தேய்ப்பாங்க. வினைல் எப்பவும் கூர் முனையிலதான் முதல்ல தூக்கும், சக்ரா பெட்ச்ல எங்க பாத்தாலும் முனை, போதாததுக்கு அதோட தடிமன் அளவு 700லயே (அதான் போல்ட்) நின்னுரும், கோடு மெலிசு, பசை பிடிக்கவே இடம் கம்மி. போன வருஷம் ஆகஸ்ட்லயே 7ம் நம்பர் தம்பி மேல்கோடு பிஞ்சு 1ஆ வந்து நிக்கிறான், கோல்கீப்பர் முறைக்கிறான்! கனிட் 900 (அதான் பிளாக்) வரைக்கும் போகும், நல்ல பட்டையான கோடு, இந்த மழையில இதுவரைக்கும் ஒரு நம்பர்ல மட்டும்தான் ஓரம் லேசா எழும்புச்சு. ஆனா போன வருஷம் பாதி பிரஸ்ல கரண்ட் போனதும் உண்டு, அதனால மொத்தப் பழியையும் ஃபாண்ட் தலையில கட்டினா பாவம்.

கனிட்லயும் ஒரு குடைச்சல் இருக்கு, பிளாக்ல 8ஓட உள் ஓட்டை ரொம்ப சின்னது, முதுகு நம்பருக்கு ஓகே, நெஞ்சுல சின்னதா போட்டா அதை நோண்டி எடுக்கிறதுக்குள்ள உசுரு போயிரும், அங்க தடிமன் கம்மியான செமி போல்ட் இட்டாலிக் போட்டுட்டேன்.

பர்மா எழுத்தும் தமிழும் ரெண்டுலயும் கிடையாது. பர்மா எழுத்தைச் சாய்ச்சுப் பாத்தேன், வட்டமெல்லாம் முட்டையாயிருச்சு, நேராவே விட்டுட்டேன். தமிழுக்கு அநேக் தமிழ்ங்கிற ஃபாண்டோட எக்ஸ்ட்ரா போல்டை கோரல்ட்ரா சாஃப்ட்வேர்ல ஒரு 10 டிகிரி சாய்ச்சேன், பரவால்ல, அதுக்கு மேல போனா ழ வாலோட படுத்துக்குது.

வினைல் ஒட்டாம சப்ளிமேஷன் பிரிண்ட்னா சாயம் துணியிலயே ஏறிரும், முனை தூக்குற கதையே இல்ல, அப்ப கண்ணை மூடிட்டு சக்ரா பெட்ச் போடலாம்னுதான் நினைக்கிறேன். நான் வெளிய குடுத்து ஒரே ஒரு செட்தான் எடுத்திருக்கேன், அது இன்னும் ஒரு மழைகூட பாக்கல.