குருவிக்கூடு வாங்கும் முன் ஓட்டையை அளந்து பாருங்கள்

போன சித்திரையில் ஆன்லைனில் 350 ரூபாய்க்கு ஒரு சிட்டுக்குருவிக் கூடு வாங்கினேன். பிளைவுட் பெட்டி, சரிவான கூரை, முன்னால் வட்ட ஓட்டை, அதற்குக் கீழே உட்கார ஒரு குச்சி. படத்தில் இருந்த மாதிரியே வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளேயும் வார்னிஷ் அடித்திருந்தார்கள், ஒரு வாரம் வெயிலில் வைத்தும் வாசனை போகவில்லை. சரி என்று தோட்டத்துச் சுவரில் எட்டடி உயரத்தில் மாட்டினேன்.

ஒரு குருவி ஜோடி இரண்டு நாள் வைக்கோல் கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மைனா வந்து அந்தக் குச்சியில் உட்கார்ந்து, உள்ளே இருந்ததை எல்லாம் இழுத்து வெளியே போட்டது. அப்போதுதான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஓட்டை இரண்டு அங்குலம்! சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் மைனா நுழையும், அணிலும் வரும். அந்தக் குச்சியும் தேவையே இல்லை, குருவி ஓட்டை விளிம்பையே பிடித்துத் தொற்றிக்கொள்ளும். குச்சி உதவுவது கூட்டைக் கலைக்க வருகிறவர்களுக்குத்தான்.

ஐப்பசி மழையில் மீதிக் கதையும் முடிந்தது. அடியில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை, பிளைவுட் ஊறி பப்ஸ் மாதிரி இதழ் இதழாகப் பிரிந்துவிட்டது. நான் வடகிழக்கு பார்த்து மாட்டியதும் தப்பு, நம் பக்கத்து மழைச் சாரல் அந்தத் திசையிலிருந்துதானே அடிக்கிறது. அது என் தவறு, விற்றவர் தவறு இல்லை. மற்றபடி அந்தப் பெட்டிக்கு ஐந்துக்கு ஒன்றரை.

அப்புறம் எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். பழைய கதவுப் பலகையில் ஒன்று செய்து கொடுத்தார், கூலியோடு 400 ரூபாய். பெயின்ட் இல்லை, இழைப்புளி போட்டு வழவழப்பாக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உட்புறம் சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு நகத்தால் பிடித்து ஏறி வரும். ஓட்டையைச் சுற்றி ஒரு தகடு, அணில் கொறித்துப் பெரிதாக்காமல் இருக்க. ஓட்டையிலிருந்து பெட்டியின் அடிப்பலகை ஐந்து அங்குலம் கீழே. அடியில் நான்கு துளை, பக்கப் பலகையில் கீல் வைத்த கதவு. இந்தக் கதவைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன், குஞ்சுகள் பறந்த பிறகு பழைய வைக்கோலை எடுத்துச் சுத்தம் செய்ய வேறு வழி கிடையாது.

மாசியில் மாட்டினேன், இந்த முறை தாழ்வாரத்துக்குள், மதிய வெயில் படாத சுவரில். மூன்றே வாரத்தில் வந்துவிட்டன. கழுத்தில் கறுப்புத் திட்டு உள்ள ஆண் குருவி ஒரு முழ நீளத் தேங்காய் நாரை ஓட்டைக்குள் நுழைக்கப் பார்த்தது. குறுக்கே மாட்டிக்கொண்டது, கீழே போட்டது, மறுபடி எடுத்து நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. முட்டை எத்தனை என்று நான் திறந்து பார்க்கவில்லை, நீங்களும் பார்க்காதீர்கள். பன்னிரண்டு நாளோ என்னவோ, உள்ளே கீச்சுச் சத்தம். அன்றிலிருந்து தாயும் தகப்பனும் பச்சைப் புழுவாகக் கொண்டு வந்தன, கம்பு போட்டு வைத்திருந்தும் குஞ்சுக்குப் புழுதான். அதனால் கத்தரிச் செடிக்கு மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டேன். நைலான் நூல், சாக்குப் பிரி எதையும் வெளியே போடுவதில்லை, குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் அவ்வளவுதான்.

மூன்று குஞ்சுகள் பறந்தன. அடுத்த வாரம் கதவைத் திறந்து சுத்தம் செய்தேன், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி நார் வந்து கிடக்கிறது. ஆசாரியிடம் இன்னும் இரண்டு சொல்லியிருக்கிறேன்.