மொட்டைத் தலையும் 59 சென்டிமீட்டர் தொப்பியும்

பழனியில் மொட்டை போட்டு முடிக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மொட்டையில் ஒரு தொப்பியை நிற்க வைக்க மதுரையில் எனக்கு நான்கு நாள் ஆனது. மூன்று வார லீவில் வங்கி வேலை, ஆதார் வேலை, பல் டாக்டர் எல்லாம் மளமளவென்று முடிந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. தொப்பி விஷயம்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

முதலில் என்ன தொப்பி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமா மாதிரி நீங்களும் "பனியன் கடையில் கேட்டியா?" என்பீர்கள். கோட்டு சூட்டோடு போடுகிற, சுற்றிலும் விளிம்பு வைத்த, சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. ஃபெடோரா என்பார்கள். மூன்று குளிர்காலத்துக்கு முன் டொரோண்டோவில் தொப்பி மட்டுமே விற்கிற ஒரு கடையில் வாங்கியது. அங்கே இருந்த பெரியவர் நான் கேட்ட தொப்பியை எடுக்கவே இல்லை, முதலில் டேப்பைத்தான் எடுத்தார். காதுக்கு ஒரு விரல் மேலே, நெற்றி நடுவில், பின்மண்டை துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு தடவை அளந்து 59 சென்டிமீட்டர் என்றார். அமெரிக்கக் கணக்கில் 7 3/8, அதையே இங்கிலாந்துக்காரர்கள் 7 1/4 என்பார்களாம். அளவு சரியாக இருந்தும் என் தலை முன்னும் பின்னும் நீளம் என்று சொல்லி, தொப்பியை ஆவியில் காட்டி நீளவாட்டில் இழுத்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். அத்தனை மரியாதை என் தலைக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அந்தத் தொப்பியைப் பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்பதால் ஜனவரி மாதம் தலையில் போட்டுக்கொண்டே விமானம் ஏறினேன். மதுரையில் இறங்கியதும் மாமா கேட்டார்: "என்ன மாப்ள, யாரையும் துப்பறிய வந்திருக்கியா?"

திரும்பிப் போவது ஒரு வியாழக்கிழமை, அந்த வாரச் சனிக்கிழமையே டொரோண்டோவில் ஆபீஸ் நண்பனுக்குச் சர்ச்சில் கல்யாணம். மைனஸ் 15ல் புதுமொட்டையோடு கார் பார்க்கிங்கிலிருந்து நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரை இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும் தலை. கம்பளிக் குல்லா கதகதப்பாக இருக்கும்தான், ஆனால் சூட்டுக்கு மேலே அதைப் போட்டால் மூட்டை தூக்க வந்தவன் மாதிரி இருக்கும். ஆகவே இந்தத் தொப்பிதான்.

மொட்டை அம்மாவின் வேண்டுதல். என் மகன் பிறந்தபோது வேண்டிக்கொண்டது, பேரனுக்காக வேண்டிக்கொண்டாலும் அடகு வைத்தது என் தலையை. பன்னிரண்டு வருடப் பாக்கி. 2021லிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது, டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் போதும். தலையை நனைத்து, கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, கத்தி உச்சியிலிருந்து நெற்றிக்கு ஒரே கோடாக இறங்கும்போது வருகிற அந்தச் சரசர சத்தம் சின்ன வயதில் கேட்டதேதான். சந்தனம் பூசிக்கொண்டு வின்ச்சில் ஏறி, தரிசனம், பஞ்சாமிர்தம், மலை இறங்கல், எல்லாம் நல்லபடி.

ஊருக்கு வந்து சும்மா ஒரு தடவை தொப்பியை எடுத்துப் போட்டேன். புருவத்தில் வந்து உட்கார்ந்தது. தலையை இடப்பக்கம் திருப்பினேன், தலை திரும்பியது, தொப்பி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

யோசித்தால் நியாயம்தான். எனக்கு அடர்த்தியான முடி, சுற்றிலும் மெத்தை போட்ட மாதிரி. மெத்தை போனதும் சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது. தொப்பி அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசமே ஒரு சென்டிமீட்டர்தான், அப்படியென்றால் நான் ஒரு நம்பர் இறங்கிவிட்டேன். அதோடு முடி இருந்தால் தொப்பிக்குக் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். சவரம் செய்த தலை முதல் நாள் எண்ணெய் தடவிய குடம் மாதிரி வழுக்கும், மூன்றாம் நாள் முள்முள்ளாக முளைத்ததும் வெல்க்ரோ மாதிரி உள்துணியைப் பிடித்துக்கொண்டு கழற்றவே விடாது. வேர்வையைத் தடுத்து நிறுத்தவும் ஆள் இல்லை, நேராக உள்ளே இருக்கிற தோல் பட்டைக்குத்தான் போகும். நான் அவசரத்தில் சந்தனத்தைச் சரியாகக் கழுவாமல் போட்டதில் பட்டையில் மஞ்சளாக ஒரு கறை வேறு.

சரி, 58ல் ஒரு தொப்பி வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். திருப்பதியில் மொட்டைத் தலையனைத் தேடின மாதிரி என்பார்கள், என்னுடையது அதற்கு நேர் எதிர்க் கேஸ். பக்கத்தில் பழனி, அந்தப் பக்கம் திருச்செந்தூர், ரோட்டில் பத்து ஆளில் ஒருவர் மொட்டை, இந்த ஊரில் தலைக்கென்று அளவு வைத்து விற்கிற தொப்பி ஒன்றுகூட இல்லை.

முதல் கடை மாடி மாடியாக ஏறும் ஜவுளிக்கடை. மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னார்கள், அங்கிருந்து கீழ்த்தளத்துக்கு, அங்கே கிரிக்கெட் தொப்பி. இரண்டாவது டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பெட்டியும் பெல்ட்டும் விற்கிற கடை. கறுப்பில் ஒரு விளிம்புத் தொப்பி தொங்கியது, மனசு துள்ளியது.

"தம்பி, இது என்ன சைஸ்?"

"ஃப்ரீ சைஸ் சார்."

"ஃப்ரீ சைஸ்னா எத்தனை சென்டிமீட்டர்?"

"எல்லாத் தலைக்கும் சேரும் சார்."

போட்டேன். மண்டை மேல் கிண்ணம் கவிழ்த்த மாதிரி நின்றது. பையன் அதை உச்சியில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து (தொப்பியை அங்கே பிடிக்கவே கூடாது, விளிம்பில்தான் தொட வேண்டும்) ஓர் அமுக்கு அமுக்கினான். உள்ளே அட்டை மடங்குகிற சத்தம் கேட்டது. "இப்ப பாருங்க சார், கரெக்டா இருக்கு" என்றான். எனக்கு வந்த கோபத்தில், வளையலுக்கு ரெண்டே நாலு, ரெண்டே ஆறு என்று நம்பர் இருக்கிறது, செருப்புக்கு இருக்கிறது, காலருக்கு இருக்கிறது, தலைக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளிநாடா சார்?" என்றான். விலையை அதற்குமேல் ஐம்பது ரூபாய் ஏற்றியும் சொன்னான். பழனியில் இலவச மொட்டை, இங்கே காசு கொடுத்து மொட்டை.

மூன்றாவது கடையில் கொடைக்கானல் போகிறவர்களுக்கான சரக்கு. தாடையில் கயிறு கட்டுகிற ஓலைத் தொப்பி, கவ்பாய் தொப்பி, மங்கி குல்லா. நான்காவது, பள்ளி ஆண்டு விழாவுக்கு வேஷ உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற கடை. "எந்த ஸ்கூல் சார்?" என்று கேட்டுக்கொண்டே ரசீது புத்தகத்தைத் திறந்தார் கடைக்காரர். அங்கே பாரதியார் தலைப்பாகை ஒரு டஜன், எம்ஜிஆரின் வெள்ளைக் குல்லா நான்கைந்து, போலீஸ் தொப்பி அடுக்கடுக்காக, எல்லாம் ஏழு வயதுத் தலைக்கு. எம்ஜிஆர் குல்லாவில் பெரியவர் சைஸ் ஒன்று மட்டும் இருந்தது, அதுதான் அந்த ஊரிலேயே என் தலைக்குச் சரியாக உட்கார்ந்த ஒரே பொருள். கண்ணாடியில் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டேன், உண்மையைச் சொல்லவேண்டும் இல்லையா.

ஆன்லைனிலும் ஒன்று வரவழைத்தேன். படத்தில் ஃபெடோரா, பார்சலில் அப்பளம். பின்னால் எலாஸ்டிக். அளவு என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டு போக வந்தவர் என் மொட்டையைப் பார்த்துவிட்டு "பழனியா, திருச்செந்தூரா?" என்று விசாரித்தார். இந்த விசாரிப்பு மட்டும் டொரோண்டோவில் கிடைக்காது. அங்கே மொட்டையோடு ஆபீஸ் போனால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்கிற பார்வை பார்ப்பார்கள்.

நான்காம் நாள் சித்திதான் சொன்னார், "புதுமண்டபத்துத் தையக்காரங்க யாரையாவது பாரேன், அவங்க தைக்காததா." எனக்கு ஏன் இது தோன்றவில்லை? எங்கள் வீட்டில் பாவாடை, தலையணை உறை, பள்ளி நாடகத்துக்கு ராஜா உடுப்பு எல்லாம் அங்கேதான். அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டி முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் புது என்றே பெயர் வைத்திருக்கிற மண்டபம், யாளித் தூணுக்குத் தூண் ஒரு தையல் மிஷின், அந்தக் கடகட சத்தமும் பழைய புத்தக வாசனையும் கலந்து வரும். கால் பழக்கத்தில் நேரே அங்கே போய் நின்றேன். மிஷின் ஒன்றும் இல்லை. கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பூக்காரம்மா சொன்னார், எல்லோருக்கும் தெரிந்ததை இவனுக்கு மட்டும் தெரியவில்லையே என்கிற குரலில். சிலைகள் இப்போது நன்றாகத் தெரியும், நல்லதுதான். ஆனால் அந்தச் சத்தம் இல்லாத மண்டபத்தை நான் கேட்டதே இல்லை.

புது இடத்தில் ட்யூப்லைட், ஷட்டர், வரிசையாகக் கடை. அறுபதைத் தாண்டிய ஒருவர் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்புக்கு இப்போதே ஜிகினா தைத்துக்கொண்டிருந்தார். தொப்பியை நீட்டி, "ஐயா, மொட்டை போட்டதுல லூசாயிருச்சு" என்றேன். அவர் அதை விளிம்பில் பிடித்து வாங்கினார். அங்கேயே எனக்கு நிம்மதி.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் தலையைச் சுற்றினார். காதுக்கு ஒரு விரல் மேலே, நெற்றி நடுவில், பின்மண்டை மேட்டில். யாரும் சொல்லித்தரவில்லை. "இருபத்திரண்டே முக்கால்." தொப்பிக்குள் டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டினார். "இருபத்திமூணே கால். அரை இஞ்ச் லூசு தம்பி." நான் ஒரு பட்டையைச் சுற்றிலும் வைத்துவிடலாமே என்றேன், கனடாவில் அதற்கென்றே ஸ்பாஞ்சு நாடா பாக்கெட்டில் விற்கிறார்கள், அப்படித்தான் செய்வார்கள். அவர் பதில் சொல்லாமல் தொப்பியை என் தலையில் வைத்து, சுண்டுவிரலை ஓரமாக விட்டு ஒரு சுற்று வந்தார். நெற்றியில் விரல் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இரண்டு பொட்டுப் பக்கமும் தாராளமாகப் போனது.

"சுத்தி வச்சா முன்னாடி அழுத்தித் தலைவலி வரும். ரெண்டு சைடுக்கு மட்டும் போதும்."

காலருக்கு வைக்கிற கேன்வாஸில் நான்கு விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டினார். அதன் மேல் சுற்ற, பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணியில் கையை விட்டுத் துழாவி ஒரு பச்சை வெல்வெட் துண்டை எடுத்தார், ஏதோ ஓர் அழகருக்கு வெட்டியதில் மிச்சம். தோல் பட்டையைக் கீழே மடித்து, அதன் பின்னால் துண்டைச் செருகி, ஊசி கம்பளிக்குள் ஏறாமல் பட்டையில் மட்டும் நாலைந்து ஓட்டுத் தையல். ஈரத் துணியால் சந்தனக் கறையையும் ஒரு துடை. அது போகவில்லை, அது வேறு விஷயம். "முடி வளந்ததும் இந்த நூலை உருவிருங்க, துண்டு தானா வந்துரும்."

போட்டேன். தலையைத் திருப்பினேன். தொப்பியும் திரும்பியது.

ஐம்பது ரூபாய் கேட்டார். என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது, மீதி வேண்டாம் என்றேன், அவர் கோபித்துக்கொண்டார். "ஜிபே இல்லையா?" இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் சில்லறை இல்லை, எதிர்க்கடையில் இல்லை, கடைசியில் நான் கீழே போய் ஜிகர்தண்டா குடித்துச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்த ஐம்பது ரூபாய் வேலைக்கு டொரோண்டோவில் அப்பாயின்ட்மென்ட் வாங்கி அடுத்த வாரம் போகவேண்டும். அதே சமயம் அங்கே ஒரு கடைக்காரரும் மண்டையில் வைத்து அமுக்கியிருக்க மாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை. மைனஸ் 13, ஏரிப் பக்கமிருந்து காற்று. பார்க்கிங்கிலிருந்து சர்ச் வாசல்வரை தொப்பி ஒரு நூல் அசையவில்லை. வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஆண்கள் உள்ளே தொப்பி போடக் கூடாது. கோட்டையும் தொப்பியையும் வாங்கிக்கொண்டு, மீனாட்சி கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுப்பதுபோல ஒரு டோக்கன் கொடுத்தாள். தொப்பியை மல்லாக்க வைக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்த பச்சை வெல்வெட்டை ஒரு விநாடி பார்த்தாள், அப்புறம் என் மொட்டையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.