மைனஸ் 27: என் வீட்டு ஃபைபர் இணைப்பைப் பற்றி

தாம்பரத்துக்குக் குடிபோகும் நண்பர் ஒருவர், எந்த ஃபைபர் இணைப்பு எடுக்கலாம், எந்த ரூட்டர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். வேகம், கட்டணம், இலவசமாக வரும் ஓடிடி பட்டியல் எல்லாம் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை நான் மறுபடி எழுதப் போவதில்லை. மடிப்பாக்கத்தில் சில ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருக்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஓர் எண்ணைப் பற்றி. விளம்பரத்தில் அது வராது. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பேசக் கூடாது என்று உத்தரவோ என்னவோ.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். செம்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் வைத்திருந்த காலத்தில் மழை வந்தால் தொலைபேசியில் கரகரப்பு வரும், கூடவே இணையமும் படுத்துவிடும். ஏடிஎஸ்எல்2+ தொழில்நுட்பத்தின் உச்சமே 24 எம்பிபிஎஸ்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக அதுவும் தேய்ந்துவிடும். ஃபைபரில் இந்தத் தொல்லை இல்லை. 200 எம்பிபிஎஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள், சனிக்கிழமை இரவிலும் 200 வருகிறது. குறை சொல்ல முடியாது.

நான் கொஞ்சமும் எதிர்பாராதது மின்வெட்டு நேரத்து இணையம். வீடுகளுக்கு ஃபைபரைக் கொண்டுவரும் ஜிபான் முறையில் நிறுவனத்தின் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் கேட்கும் பொருள் எதுவும் இல்லை. கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் இருப்பது ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர் மட்டுமே. தெருவே இருண்டு கிடந்தாலும், நிலையத்தில் மாற்று மின்சாரம் இருந்து நம் வீட்டு ரூட்டர் பெட்டிக்கும் 12 வோல்ட் கிடைத்தால் இணையம் ஓடும். ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன். இத்தனை குறைந்த விலைக்கு இத்தனை நிம்மதி தந்த மின்சாதனம் இந்த வீட்டில் வேறு இல்லை. அடாப்டரில் போட்டிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் யுபிஎஸ் போதாது. இன்னொன்று: உள்ளூர் கேபிள்காரர்களில் சிலர் கட்டடம் வரை ஃபைபரைக் கொண்டுவந்து, மாடிப்படியின் கீழ் ஒரு ஸ்விட்சை வைத்து, அங்கிருந்து சாதாரண லேன் கம்பியை இழுத்துவிடுகிறார்கள். அந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் போனால் உங்கள் யுபிஎஸ் வெறும் அலங்காரம்.

இனி அந்த எண். பெட்டியின் அடியில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி ஒட்டியிருக்கும். அதை உலாவியில் திறந்து உள்ளே போனால், பான் அல்லது ஆப்டிகல் என்ற பக்கத்தில் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 20 என்றால் அதில் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு 3 இறங்கும்போதும் ஒளி பாதியாகும். வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலேயே சுமார் 17 டெசிபல் போய்விடுவதால், மைனஸ் 18, 20, 22 எல்லாம் நல்ல ஆரோக்கியமான அளவுகள். மைனஸ் 27 என்பது கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து தூங்குவது.

கொடுமை என்னவென்றால், அந்த விளிம்பிலும் வேகம் குறையாது. பழைய செம்புக் கம்பி சீக்கிரமே முனக ஆரம்பித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இது கடைசி நிமிடம் வரை 200 காட்டிவிட்டு, ஒரு காற்றுக்கோ ஈரத்துக்கோ அரை டெசிபல் கூடக் குறைந்ததும் மொத்தமாக அறுந்துபோகும். ஒளி வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். ஓரிரு நிமிடம் கழித்துத் தானே சரியாகி, எதுவும் நடக்காததுபோல் பச்சையாகிவிடும்.

எனக்கு நடந்தது இதுதான். வடகிழக்குப் பருவமழையில் கிளை ஒன்று முறிந்து விழுந்து கம்பி அறுந்தது. வந்த லைன்மேன் புதுக் கம்பியை இழுத்து, வீட்டுக்குள் வரும் முனையில் நீல நிற கனெக்டர் ஒன்றைப் பொருத்திப் பெட்டியில் செருகினார். பெட்டியின் துளையோ பச்சை. பச்சை கனெக்டரின் முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீலத்தின் முனையில் அந்தச் சாய்வு கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று சுகமாக நுழைந்துவிடும். நுழைந்தபின் இரு கண்ணாடி முனைகளும் சரியாகத் தொடாமல் நடுவே ஒரு சந்து நிற்கும், ஒளி அங்கேயே வீணாகும். விளக்கு பச்சையாக எரிந்தது. "எரிகிறது பாருங்கள் சார், அந்த ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று என் கைப்பேசிக்கு வந்த குறியீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குறியீட்டைச் சொன்ன நொடியில் புகார் தீர்ந்ததாகக் கணக்கு.

அதன்பின் வாரக்கணக்கில் என் அலுவலகக் கூட்டங்களின் நடுவே முகங்கள் உறைந்துபோயின. நான் கூப்பிடுவேன். ரூட்டரை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடச் சொல்வார்கள். அதற்குள் அது தானாகவே சரியாகியிருக்கும். வேகச் சோதனை செய்யச் சொல்வார்கள், 200 வரும். "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும். மைனஸ் 27 என்று சொன்னால் மறுமுனையில் மௌனம், பிறகு, "உங்கள் திட்டத்தை 300க்கு உயர்த்தித் தரட்டுமா சார்?" நிலையத்தில் இருக்கும் கருவியிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்று பார்க்க முடியும். என் வீட்டுக்கு ஆள் வரவே வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் வந்தவர் வேறோர் ஆள். பையிலிருந்து ஒளியை அளக்கும் பவர் மீட்டரை எடுத்த முதல் ஆளும் அவர்தான். முன்வாசலில் கம்பி நுழையும் இடத்தில் வைத்துப் பார்த்தார்: மைனஸ் 19. பெட்டியில்: மைனஸ் 27. நீலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பச்சையைப் போட்டார். முடிந்தது. எட்டு டெசிபல், அதாவது வரவேண்டிய ஒளியில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல், அந்த ஒரு பிளாஸ்டிக் துண்டில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒருமுறைகூடச் சிவப்பு எரியவில்லை. நான் மட்டும் அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கிறேன். வீட்டில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இங்கே எழுத முடியாது.

ரூட்டர் பற்றி நண்பர் கேட்டதற்கு நீளமான பதில் என்னிடம் இல்லை. நிறுவனம் தரும் பெட்டியே போதும், அதை வைக்கும் இடம் சரியாக இருந்தால். ஆனால் கம்பி எந்த ஜன்னல் வழியாக நுழைகிறதோ அந்த மூலையிலேயே, தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார்கள். நம் ஊர்ச் செங்கல் சுவரையும் கான்கிரீட்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டிப் போகத் திணறும், 2.4 தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் அனைத்தும் அங்கேதான் முட்டிக்கொண்டிருக்கும். கம்பியை வீட்டின் நடுவுக்கு இழுக்கச் சொல்லுங்கள், கூடுதலாகக் காசு கேட்டாலும் கொடுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள துளைகளில் எது கிகாபிட் என்று பாருங்கள். மலிவான பெட்டிகளில் சில துளைகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. 200 திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, கணினியை அதில் செருகி 94 பார்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். சொந்த ரூட்டர் வாங்குவதென்றால், நிறுவனப் பெட்டியை பிரிட்ஜ் முறையில், அதாவது ரூட்டர் வேலையை உங்கள் ரூட்டருக்கே விட்டுவிடும்படி, மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிசிடிவியை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு கேள்வியும் உண்டு. ரூட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன என்று பொருள். நேரடி வழி கிடைக்காது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் சொல்வது ஒன்றுதான். 100ஆ 200ஆ என்பதை விடுங்கள். கம்பத்திலிருந்து உங்கள் வீடு வரை வரும் கம்பியை இழுப்பது யார், அறுந்தால் ஒட்டுவது யார் என்று விசாரியுங்கள். பெயர் பெரிய நிறுவனத்தினுடையதாக இருக்கும். வேலை உள்ளூர் ஒப்பந்தக்காரருடையதாக இருக்கலாம். அதே தெருவில் அதே இணைப்பு வைத்திருப்பவரிடம் போய் அவர் பெட்டியில் எண் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இணைப்பு கொடுக்கும் நாளிலேயே எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 599 என்று போட்டிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 707 ஆகும். ஆண்டுச் சந்தா கட்டினால் ரூட்டர் இலவசம் என்பார்கள். கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுகிறவனுக்குத்தான் போய்விடுவேன் என்று மிரட்டும் வசதி இருக்கிறது. புகார் எண்ணை அழிக்காமல் வையுங்கள். தீராமலே முடித்துவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் வகுத்த விதி. நான் அந்த வரிசைக்குப் போகவிருந்த வாரத்தில்தான் பவர் மீட்டர்காரர் வந்தார்.

போன வாரம் இதே திட்டத்தின் விலையைப் புதிய வாடிக்கையாளர்களுக்குக் குறைத்திருக்கிறார்கள். பழைய ஆட்களுக்குப் பழைய விலைதான். கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டுப் புதிதாக எடுக்கலாமாம். புதிதாக எடுத்தால் புதுக் கம்பி, புது கனெக்டர், அதைப் பொருத்த யார் வருவாரோ! மைனஸ் 19ஐ விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பழைய விலையையே கட்டுகிறேன்.

ஆகவே நண்பருக்கு: வேகம் சரியாக இருக்கிறது, மின்வெட்டிலும் ஓடுகிறது, இத்தனை ஆண்டுகளில் நான் வைத்திருந்தவற்றில் இதுதான் ஆகச் சிறந்த இணைப்பு. எடுக்காதீர்கள். தாம்பரத்தில் இவர்களுக்காக வேலை செய்பவர் வேறு ஆளாகவும் நல்ல ஆளாகவும் இருக்கலாம். அவரை நான் பார்த்ததில்லை, என் வசவு அவருக்குச் சேராது. இருந்தாலும் எடுக்காதீர்கள். அந்தக் குறுஞ்செய்திகள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன.