அறையில் வந்த கடவுளா, குலதெய்வமாக வந்த அம்மனா?

கடவுள் நேரில் வந்தால் என்ன நடக்கும் என்னும் கற்பனையில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமுள்ளவர்களுக்காக ‘அறை எண் 305-ல் கடவுள்’, ‘மூக்குத்தி அம்மன்’ ஆகிய இரு படங்களையும் ஒப்பிடுகிறேன்.

வரம்: சிம்புதேவனின் ‘அறை எண் 305-ல் கடவுள்’ (2008) படத்தில், திருவல்லிக்கேணி மேன்ஷன் இளைஞர்கள் இருவர் கடவுளின் சக்திப் பெட்டியையே திருடிக்கொள்ள, பிரகாஷ் ராஜ் ஏற்ற கடவுள் சாதாரண மனிதராகத் தவிக்கிறார். ‘மூக்குத்தி அம்மன்’ (2020) படத்திலோ, கவனிப்பாரற்ற தன் கோவிலைப் பிரபலமாக்கும்படி நயன்தாராவின் அம்மனே பக்தனிடம் கேட்கிறாள். வரம் தலைகீழாகும் இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

அதிகாரம்: முன்னதில் அது தனிமனிதப் பேராசையோடு நின்றுவிடுகிறது. பின்னது நிலத்தை வளைக்கும் சாமியாரை நேரடியாக எதிர்க்கிறது, சற்றே உரக்க.

அரசியல் நையாண்டி வேண்டுவோருக்கு அம்மன் பொருந்துவாள். அறைவாசிகளின் பசியையும் வேலையின்மையையும் அறிந்தவர்களுக்கு 305 நெருக்கமாக இருக்கும்.