‘உங்கள் லாரியை அப்படியே செய்து தருகிறேன்’ என்பவருக்கு முன்பணம் அனுப்பும் முன்

அசல் வண்டியைப் பார்த்துச் சின்ன அளவில் மாதிரி லாரி, மாதிரி கார் செய்கிறவர்களுக்கும், காசு கொடுத்துச் செய்யச் சொல்ல நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அப்பாவின் முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்த காலை நேரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி. அப்பா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டினார். அதில் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் சொந்த வண்டி, டாடா 1210 எஸ்.இ. மூக்கு சற்றே முன்னால் நீண்ட பழைய முகம். மாங்காய்ச் சீசனில் மாங்காய், மற்ற நாட்களில் கிடைத்த லோடு. முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் எங்கள் சாமியின் பெயரில் ‘வேடியப்பன் துணை’ என்று எழுதியிருக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டுவார், ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார், அந்த எழுத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். 2004-ல் கடன் நெருக்கி வண்டியை விற்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நான் ஒன்பது ஆண்டுகளாக மாதிரி வண்டிகள் செய்கிறேன். இத்தாலெரி, ரெவெல் நிறுவனங்களின் 1:24 அளவு (அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு) ஐரோப்பிய லாரிகள் கிட்டாகக் கிடைக்கும். பாகங்களை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் அடித்தால் ஆயிற்று. நம் ஊர் லாரிகளுக்கு அப்படி ஒரு கிட் நான் தேடியவரையில் கிடைத்ததில்லை. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து கையால் வெட்டித்தான் செய்ய வேண்டும். சேஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, பின்கதவு எல்லாம் எனக்கு வரும்; அவை நேர்க்கோடுகள். ஆனால் அந்தப் பழைய கேபினின் வளைவுகள் எனக்கு வரவே இல்லை. மூன்று முறை செய்து மூன்று முறையும் குப்பையில் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் இணையத்தில் ஒருவர் தென்பட்டார். ஓசூர்ப் பக்கம் பட்டறை என்றார். லேலண்டு தொழிற்சாலை இருக்கும் ஊர், வண்டி தெரிந்தவராக இருப்பார் என்று நானே ஒரு நம்பிக்கையை வளர்த்துக்கொண்டேன். டாடாவும் லேலண்டுமாகப் பத்துப் பன்னிரண்டு படங்கள் அனுப்பினார். கதவுக் கைப்பிடியின் துரு வரை இருந்தது. கேபின், ஏழு டயர்கள், பெயர் எழுதிய ஸ்டிக்கர், மூன்றும் சேர்த்து 14,500 ரூபாய் என்று பேசினோம். கேபின் ரெசின் (ஊற்றி இறுகவிடும் பிசின்) வார்ப்பு என்று எழுத்திலேயே உறுதி சொன்னார். ஜூன் மாதம் 9,000 அனுப்பினேன். பார்சல் கட்டும் முன் இன்னும் 3,000 வேண்டும் என்றார், அதையும் அனுப்பினேன். ஆயுத பூஜைக்குள் வந்துவிட வேண்டும், அப்பாவின் பழைய ஸ்பேனர்களோடு சேர்த்துச் சாமி முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் என் அவசரம். அந்த அவசரத்தை அவரிடம் சொல்லியும் விட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு எதைக் கேட்டாலும், ‘பூஜைக்கு வேண்டுமா, வேண்டாமா?’ என்பதே பதிலாக வந்தது.

கண்ணில் பட்டும் நான் விட்டுவிட்டவை இரண்டு உண்டு. பணம் அனுப்பும்போது செல்பேசித் திரையில் வந்த பெயர் வேறு ஒருவருடையது. ‘தம்பியின் கணக்கு’ என்றார், ஒப்புக்கொண்டேன். இன்னொரு நாள் பேச்சுவாக்கில் 1210 என்ற எண்ணைப் பற்றிக் கேட்டேன். முதல் இரண்டு எண்கள் மொத்த எடை, ஏறக்குறைய 12 டன். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத் திறன், ஏறக்குறைய 100. 1612 என்றால் 16 டன், 120. லாரிப் பட்டறையில் எடுபிடியாக இருக்கும் பையனுக்கும் இது தெரியும். அவரோ அது தயாரித்த ஆண்டைக் குறிக்கும் மாடல் எண் என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

பூஜைக்கு முந்திய நாள் மாலை பார்சல் வந்தது. நான் பிரிக்கவில்லை. மறுநாள் காலை, வீட்டார் எல்லோரும் கூடியிருக்க, அப்பாவின் கையால் பிரிக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

அப்பா செய்தித்தாள் சுற்றை மெதுவாகப் பிரித்தார். கேபினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தட்டையாக இருந்தது. மூக்கு இல்லை. வேறொரு டாடாவின் முகம் அது. அப்பா கட்டைவிரலால் முன்கண்ணாடிக்குக் கீழே தடவினார், அந்த மூக்கு இருக்க வேண்டிய இடத்தை. ‘நல்லாத்தான் இருக்கிறது, கண்ணு. ஆனால் இது நம் வண்டி இல்லையே’ என்றார். பிறகு டயர்களை எண்ணினார். ஐந்து. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஸ்டெப்னி ஒன்று என்று ஏழு வர வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தையும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார்.

அன்று மதியம் வெர்னியர் காலிப்பரை எடுத்து உட்கார்ந்தேன். அப்பாவின் வண்டிக்குரிய 9.00-20 அளவு லாரி டயரின் வெளிவிட்டம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 24-ஆல் வகுத்தால் சுமார் 42 மில்லிமீட்டர். வந்த டயர்கள் 36. அதை 24-ஆல் பெருக்கினால் 864 மில்லிமீட்டர், ஏதாவது சின்ன லாரிக்குப் பொருந்தும். அப்பாவின் வண்டியின் ஆர்.சி. புத்தக நகல் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 4225 மில்லிமீட்டர். 1:24-ல் அது 176 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு நான் ஏற்கெனவே சேஸ் செய்து வைத்திருந்தேன். அதன் மேல் இந்தக் கேபினை வைத்தபோது, அண்ணன் சட்டையைப் போட்ட குழந்தையைப் போல் கேபின் சிறுத்துத் தெரிந்தது. எங்கேயோ இலவசமாகக் கிடைத்த கணினிக் கோப்பு ஒன்றை எடுத்து, ஏதோ ஒரு அளவில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். இது நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் வகை. இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்தால், ஒட்டுவதற்கு முன் மேலே ஒளிபுகும் வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் மை கரைந்துவிடும். இவர் அடிக்கவில்லை. வெதுவெதுப்பான நீரில் விட்ட அரை நிமிடத்தில் கிண்ணம் முழுக்க மஞ்சள் நீராகிவிட்டது. வார்னிஷ் அடித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. வீட்டுப் பிரிண்டர் வெள்ளை அடிக்காது. ஒளிபுகும் தாளில் வெறும் மஞ்சளை அடித்து வண்டியின் நீல வண்ணத்தின் மேல் ஒட்டினால் எழுத்து மங்கிப் பச்சையாகத்தான் தெரியும். வெள்ளைத் தாளில் அடித்து, எழுத்தின் விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும். இதெல்லாம் தொழில் தெரியாமை என்று விட்டுவிடலாம். எனக்கு மனம் விட்டுப்போனது எழுத்தைப் பார்த்துத்தான். ‘வே’ என்பதில் முன்னால் நிற்க வேண்டிய இரட்டைச் சுழிக் கொம்பு, வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘துணை’யிலும் அப்படியே, ணகரம் முன்னால், ஐகாரக் குறி பின்னால், தனித்தனியாக. தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் தட்டிய எழுத்து. தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் ஒரு முறை பார்த்திருந்தால் தப்பியிருக்காது. ஒரு குடும்பம் தன் சாமி பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறது; அதை ஒரு முறை வாசித்துப் பார்க்கவும் அந்த ஆளுக்கு நேரமில்லை.

அடுத்த வாரம் தருமபுரியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கேபினைக் கொண்டுபோனேன். வழியில் பேருந்து நிலையத்துக்கு அருகே காரை வெயிலில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது. பின் இருக்கையில் இருந்த கேபினின் கூரை நடுவில் குழிந்திருந்தது. நண்பர் பார்த்த உடனே, ‘ரெசின் என்று யார் சொன்னது?’ என்றார். உள்மூலையில் ஒரு துண்டை உடைத்துக் காட்டினார். உள்ளே கெட்டியாக இல்லை; வலை வலையாக வெற்றிடம். ரெசின் வார்ப்பு என்றால் சிலிகோன் அச்சில் ஊற்றி இறுகவிடுவது, உடைத்தால் உள்ளும் புறமும் ஒரே கெட்டி. இது பிளாஸ்டிக் இழையை உருக்கி வரி வரியாக அடுக்கிய மலிவான பி.எல்.ஏ. அச்சு, 60 டிகிரி வெப்பத்தை ஒட்டியே குழையத் தொடங்கிவிடும். வரிகள் தெரியாமல் இருக்கப் பள்ளம் நிரப்பும் புட்டிப் பசையைத் தடவி, அதன் மேல் தடிமனாக வண்ணம் அடித்திருக்கிறார். இந்தக் கேபினுக்கு இழை முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகியிருக்காது என்றார் நண்பர்.

படங்களின் விவகாரத்தையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு தெரிந்தது. நம் வீட்டு வட்டத் துளைகள் இல்லை, பட்டையான மூன்று துளைகள். படத்தை இணையத்தில் தேடியதும் அசல் கிடைத்தது. இலங்கையில் இருக்கும் ஒருவர் தன் கையால் செய்து போட்ட படங்கள் அவை. அவருக்கு எழுதிக் கேட்டேன். தான் எதையும் விற்பதில்லை என்றும், தன் படங்களைக் காட்டி இப்படி நடப்பது தனக்கும் வேதனை என்றும் பதில் எழுதினார். யாரோ மாதக் கணக்கில் கண் விழித்துச் செய்த வேலை, இங்கே தூண்டில் புழுவாகியிருக்கிறது.

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில் கூரியரில் சேதம் என்றார். மூக்கு எப்படிக் கூரியரில் தொலையும் என்றேன். பிறகு, மீதி 2,500 தந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். தர மறுத்தேன். அன்று இரவோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

ஆகவே, செய்யச் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து இவற்றைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதி, செய்த பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் செய்கிறவருக்கு அது ஒரு நிமிட வேலை. டயரின் மேல் அளவுகோலை வைத்து ஒரு படம் கேளுங்கள். அசல் அளவை நீங்களே வகுத்து ஒப்பிடுங்கள். வண்ணம் அடிக்கும் முன் வெறும் கேபினின் படம் கட்டாயம் வேண்டும், வண்ணத்துக்குக் கீழே எதையும் மறைக்கலாம். எழுத்தை அச்சடிக்கும் முன் உங்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கட்டும். முகவரி தர மறுப்பவருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். முகவரி இல்லாததுதான் இன்று என் கையைக் கட்டியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் அறிவிப்பை யாருக்கு அனுப்புவது? பணம் போனது தெரிந்த உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் அழைத்தபோது நான்கு மாதம் கடந்திருந்தது. புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

பெட்டி, ஒட்டுச்சீட்டு, உடைந்த துண்டு, கரைந்த ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது அதே ஸ்விட்ச் போர்டு தெரியும் படம் வந்திருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் எனக்குச் சொல்லுங்கள். அனுப்பியிருந்தாலும் சொல்லுங்கள், புகார்கள் சேர்ந்தால் கணக்கைத் தேடுவது எளிதாகும்.

கேபினை நானே நான்காவது முறையாகத் தொடங்கியிருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, அரத்தால் தேய்த்து வளைவு கொண்டுவருகிறேன். மாலையில் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நேற்று பென்சிலை வாங்கி, மூக்கு முடியும் இடத்தில் அவரே ஒரு கோடு போட்டார். ‘இன்னும் கொஞ்சம் தேய், கண்ணு. இவ்வளவு நீளம் இல்லை’ என்றார்.